கார் இல்லாமல் கனடாவின் உட்பகுதி: பஸ்ஸா, ரயிலா, இரண்டும் கலந்தா?

படிக்க வந்தவர்கள், உறவினர் வீட்டுக்கு விசிட்டர் விசாவில் வந்தவர்கள், வேலை மாறும் இடைவெளியில் இரண்டு வாரம் ஓய்வு கிடைத்தவர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்வி இது. கார் ஓட்டத் தெரியாது, அல்லது லைசன்ஸ் இல்லை. நயாகராவும் ஓட்டாவாவும் பார்த்தாகிவிட்டது. துணைக்கு ஆள் இல்லை. பெரிய நகரங்களைத் தாண்டி உள்ளே போக வேண்டும். பஸ்ஸில் போவதா, ரயிலில் போவதா?

நம் ஊர்ப் பழக்கத்தில் ஒன்றில் டிக்கெட் கிடைக்காவிட்டால் இன்னொன்றைப் பிடிக்கலாம் என்று யோசிப்போம். இங்கே பல சிற்றூர்களுக்கு இரண்டில் ஒன்றுதான் உண்டு. சிலவற்றுக்கு இரண்டுமே இல்லை. சஸ்காச்சுவன் மாகாண அரசு 250-க்கும் மேற்பட்ட ஊர்களுக்கு ஓட்டிக்கொண்டிருந்த பஸ் நிறுவனத்தை 2017 மே மாதத்தோடு மூடிவிட்டது. கிரேஹவுண்ட் என்ற பெரிய தனியார் பஸ் நிறுவனம் 2018 அக்டோபரில் மேற்குக் கனடாவை விட்டுப் போனது. 2021 மே மாதம் மிச்சமிருந்த உள்நாட்டுச் சேவையையும் நிறுத்தியது. ஆகவே பழைய பயணக் குறிப்புகளில் 'கிரேஹவுண்ட் பாஸ் வாங்கி நாடு முழுக்கச் சுற்றலாம்' என்று இருந்தால் அங்கேயே படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

## முதலில் எதைப் பார்ப்பது

நான் முதலில் பார்ப்பது கட்டணத்தை அல்ல, இறங்கும் நேரத்தை. இரவு 2 மணிக்கு, ஆள் இல்லாத ஒரு நடைமேடையில், ஜனவரிக் குளிரில் இறங்கினால் மலிவான டிக்கெட்டால் ஒரு பயனும் இல்லை. கிராமப்புறத்தில் அந்த நேரத்துக்கு டாக்ஸி கிடைக்காது. ஊபர் செயலி 'வாகனம் இல்லை' என்று சொல்வதற்குக்கூட சிக்னல் வேண்டும்.

அடுத்தது கிழமை. வாரம் இரண்டு, மூன்று முறை ஓடும் வண்டி என்றால், ஓர் ஊரில் இறங்கியவர் அடுத்த வண்டி வரும்வரை அங்கேயே தங்க வேண்டியதுதான். பயணச் செலவில் பெரிய பங்கு அந்த மோட்டல் இரவுகளுக்குத்தான் போகும். டிக்கெட் விலையில் அது தெரியாது. மோட்டல் அறைக்கு இருவர் போனாலும் ஒருவர் போனாலும் கிட்டத்தட்ட ஒரே வாடகை என்பதால், தனியாகப் போகிறவருக்கு இந்தச் செலவு இரட்டிப்பாகக் கடிக்கும்.

மூன்றாவது, தாமதமானால் யார் பொறுப்பு என்பது. ரயிலில் வந்து வேறொரு நிறுவனத்தின் பஸ்ஸைப் பிடிக்கத் திட்டமிட்டு, ரயில் தாமதமாகி பஸ் போய்விட்டால் இரண்டு நிறுவனமும் கைகொடுக்காது. இவை போக, இரவில் தூங்க முடியுமா, ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும் என்பவை. இந்த வரிசையில்தான் கீழே எடை போட்டிருக்கிறேன்.

## ரயில்

நீண்ட தூர ரயில்களில் பெரும்பாலானவை வியா ரயில் என்ற அரசு நிறுவனத்துடையவை. பிரபலமானது டொராண்டோவிலிருந்து வான்கூவர் போகும் 'கனேடியன்': 4,466 கிலோமீட்டர், நான்கு இரவு, வாரம் இரண்டு முறை. 1950-களில் செய்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெட்டிகள் இன்னும் ஓடுகின்றன.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். 1990 ஜனவரி வரை கனேடியன் தண்டர் பே, ரெஜைனா, கல்கரி, பான்ஃப் வழியாகப் போனது. அப்போது நடந்த சேவைக் குறைப்பில் வடக்கே உள்ள தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் இன்று அது ஒன்டாரியோவில் ஹார்ன்பெய்ன், சூ லுக்அவுட் எனக் காட்டுக்குள் இருக்கும் ஊர்கள் வழியாகப் போகிறது. சுப்பீரியர் ஏரிக்கரை பார்க்கலாம் என்று இந்த ரயிலில் ஏறினால், ஏரி கண்ணில் படாமலேயே வினிபெக் வந்துவிடும். கல்கரிக்கும் ரெஜைனாவுக்கும் வியா ரயில் சேவையே கிடையாது.

தாமதம் பற்றிச் சொல்ல வேண்டும். தண்டவாளம் வியாவுடையது அல்ல, பெரும்பகுதி சி.என். என்ற சரக்கு ரயில் நிறுவனத்துடையது. ஒற்றைத் தடம். எதிரே வரும் சரக்கு ரயில் மூன்று கிலோமீட்டர் நீளம்கூட இருக்கும். ஒதுங்கி நிற்கும் கிளைத் தடங்களில் பல அவ்வளவு நீளம் இல்லை. ஆகவே ஒதுங்குவது பெரும்பாலும் பயணிகள் ரயில்தான். ஒரு மணி நேரம் காட்டுக்கு நடுவே நிற்கும், பிறகு நகரும், மறுபடி நிற்கும். அரை நாள் தாமதம் இங்கே செய்தி அல்ல. கனேடியனில் இறங்கும் நாளன்று வேறு எந்த வண்டிக்கும் டிக்கெட் எடுக்காதீர்கள்.

எக்கானமி இருக்கை நன்றாகச் சாயும், கால் நீட்ட இடமும் தாராளம். ஆனால் குளிக்க வசதி கிடையாது, வைஃபை கிடையாது, சாப்பாடு தனிக் காசு. ஓர் இரவுக்கு இருக்கை போதும். இரண்டாவது இரவில் முதுகு கேள்வி கேட்கும். பெர்த் எடுத்தால் விலை பல மடங்கு ஏறும். ஆனால் மூன்று வேளைச் சாப்பாடும் குளியலும் அதில் அடக்கம். கீழ் பெர்த்தில் ஜன்னல் உண்டு, மேலே இல்லை. பெர்த் ஒரு தலைக்கு விற்கப்படுவதால், அறை எடுத்து இருவர் இடத்துக்குக் காசு கொடுக்கும் வேதனை தனிப் பயணிக்கு இல்லை. கண்ணாடிக் கூரை போட்ட பெட்டியில் போய் உட்கார்ந்தால் பேச்சுத் துணைக்கும் பஞ்சமில்லை. ஓய்வு பெற்ற தம்பதிகள் உங்கள் பூர்வீகம் முழுவதையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் விடுவார்கள்.

## பஸ்

கிரேஹவுண்ட் போன பிறகு நாடு முழுக்க ஒரே வலை என்று எதுவும் இல்லை. வடக்கு ஒன்டாரியோவுக்கு ஒன்டாரியோ நார்த்லேண்ட், அட்லாண்டிக் மாகாணங்களுக்கு மேரிடைம் பஸ், நியூஃபவுண்ட்லாந்துத் தீவைக் குறுக்காகக் கடக்க டி.ஆர்.எல்., கியூபெக்கில் ஓர்லியான் எக்ஸ்பிரஸ், மேற்கே ரைடர் எக்ஸ்பிரஸ், ஈபஸ், பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடபகுதிக்கு பி.சி. பஸ் நார்த். ஒவ்வொன்றுக்கும் தனி இணையதளம், தனி டிக்கெட், தனி லக்கேஜ் விதி.

பஸ்ஸின் பெரிய பலம், ஊருக்குள் போகும் என்பது. ரயில் நிலையங்களை அப்படிச் சொல்ல முடியாது. சஸ்கட்டூன் ரயில் நிலையம் நகர மையத்திலிருந்து வெகுதூரம். கனேடியன் அங்கே இரவில் வந்தால் டாக்ஸிக் காசைச் சேர்த்துத்தான் டிக்கெட் விலையைக் கணக்கிட வேண்டும். சட்பரியில் இரண்டு நிலையங்கள். கனேடியன் நிற்பது ஊருக்கு வெளியே உள்ள சட்பரி ஜங்ஷனில். ஒயிட் ரிவர் போகும் சிறு ரயில் கிளம்புவது நகர நடுவே உள்ள பழைய நிலையத்தில். இரண்டுக்கும் இடையே நடந்துவிட முடியாது.

பஸ் நிற்கும் இடத்தைப் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். சிற்றூர்களில் 'நிறுத்தம்' என்பது பெரும்பாலும் ஒரு பெட்ரோல் பங்க். கண்ணாடிக் கதவின் உட்பக்கம் டேப் போட்டு ஒட்டிய ஒரு தாளில் வண்டி நேரம் இருக்கும், ஓரம் சுருண்டு. உள்ளே காபி இயந்திரம், சூடாக்கும் பெட்டியில் சுழலும் ஹாட் டாக், கல்லாவில் கேட்டால் மரக்கட்டையில் கட்டித் தரும் கழிப்பறைச் சாவி. கடை திறந்திருக்கும்வரை அது நல்ல காத்திருப்பு அறை. கடை பத்து மணிக்கு மூடி, பஸ் ஒரு மணிக்கு வருகிறது என்றால்? டிக்கெட் எடுப்பதற்கு முன் அந்தக் கடைக்கே போன் செய்து எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். தயங்க வேண்டாம், பதில் சொல்வார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் கையோடு கட்டிக்கொண்டு போவது நல்லது. புளிச்சோறு இரண்டாம் நாளும் தாங்கும். பங்க் சாண்ட்விச்சில் ஹாம் இல்லாததைத் தேடிப் பொழுதைக் கழிக்க வேண்டாம்.

பஸ்ஸின் பலவீனம் குளிர்காலம். பனிப்புயல் வந்தால் நெடுஞ்சாலையை மூடிவிடுவார்கள். வடக்கு ஒன்டாரியோவில் மாற்றுப் பாதை என்று பெரிதாக எதுவும் கிடையாது. 2016 ஜனவரியில் நிப்பிகன் ஆற்றுப் பாலம் தூக்கிக்கொண்டபோது நாட்டின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ஒரே சாலை அங்கே துண்டானது. நவம்பர் முதல் மார்ச் வரை பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு நாளைச் சும்மா விட்டுத்தான் திட்டம் போட வேண்டும்.

## இரண்டும் ஓடும் இடங்களில்

சட்பரி – ஒயிட் ரிவர். என்னைக் கேட்டால் கனடாவின் உட்பகுதியைக் காட்டும் சிறந்த ரயில் கனேடியன் அல்ல, இதுதான். சுமார் 480 கிலோமீட்டர், வாரம் மூன்று முறை, ஒரு பகல் பயணம். டீசலில் ஓடும் பழைய ரயில்கார்கள். இன்ஜின் தனியாக இல்லை. ஏறுபவர்கள் சுற்றுலாக்காரர்களைவிட, சாலையே இல்லாத ஏரிக்கரைகளில் கேபின் வைத்திருப்பவர்கள்தான். லக்கேஜ் பகுதியில் கனூ படகுகளும் மீன்பிடித் தூண்டில்களும் ஐஸ் பெட்டிகளும் நாய்களும் ஏறும். 'எந்த மைலில் இறங்குகிறீர்கள்?' என்று நடத்துனர் கேட்பார். சொன்ன மைல்கல்லில் வண்டி நிற்கும். இறங்கியவரும் அவருடைய படகும் காட்டுக்குள் போனதும் கிளம்பும். ஏற வேண்டியவர் தடத்தோரம் நின்று கை காட்டினால் போதும்.

ஒயிட் ரிவருக்கு 17-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒன்டாரியோ நார்த்லேண்ட் பஸ்ஸும் போகிறது. அது சூ செயின்ட் மரி, வாவா வழியாக சுப்பீரியர் ஏரியை ஒட்டிப் போகும் பாதை. ஏரியைப் பார்க்க பஸ், காட்டைப் பார்க்க ரயில். போக ரயில், திரும்ப பஸ் என்று வைத்துக்கொண்டால் ஒரே வட்டத்தில் இரண்டும் கிடைக்கும். ரயில் மறுநாள் திரும்பும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரே நிபந்தனை: ஒயிட் ரிவரில் பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்று பார்த்து, இரவு நேரம் என்றால் அங்கே ஓர் அறை எடுத்து வையுங்கள்.

பிரின்ஸ் ஜார்ஜ் – பிரின்ஸ் ரூப்பர்ட். ஜாஸ்பரிலிருந்து பசிபிக் கரைக்குப் போகும் 1,160 கிலோமீட்டர் ரயிலின் இரண்டாம் பாதி. வாரம் மூன்று முறை ஓடுகிறது, பகலில் மட்டும். முதல் நாள் இரவு பிரின்ஸ் ஜார்ஜில் நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். தங்குமிடம் உங்கள் செலவு. இந்த ஓட்டல் கட்டணத்தை மறந்துவிட்டு 'ரயில் மலிவு' என்று முடிவு செய்கிறவர்கள் அதிகம். பதிலுக்கு ஸ்கீனா ஆற்றோரக் காட்சி முழுவதும் வெளிச்சத்தில் கிடைக்கும்.

அதே தடத்தில் பி.சி. பஸ் நார்த் ஓடுகிறது. கிரேஹவுண்ட் விலகியபோது மாகாண அரசு 2018-இல் தொடங்கியது. ஆரம்பக் கட்டணம் 35 முதல் 45 டாலர். வாரத்தில் சில நாள்தான். ஸ்மிதர்ஸ், ஹேசல்டன் போன்ற நடுவழி ஊர்களில் இறங்கி இரண்டு நாள் தங்கிவிட்டு மறுபடி ஏறுபவர்களுக்கு, ஒரு கட்டம் ரயிலிலும் அடுத்தது பஸ்ஸிலும் போனால் கிழமைகள் எளிதாகப் பொருந்தும். பிரின்ஸ் ரூப்பர்ட்டிலிருந்து ஹைடா குவாய் தீவுகளுக்குப் படகு பிடிப்பவர்கள், ரயில் சேரும் இரவுக்கு அங்கே அறை எடுத்து, மறுநாளோ அதற்கும் பிறகோ கிளம்பும் படகில் பதிவு செய்ய வேண்டும்.

வினிபெக் – சர்ச்சில். ஹட்சன் விரிகுடாக் கரையில் உள்ள சர்ச்சிலுக்குச் சாலை கிடையாது. விமானம் அல்லது ரயில். 2017 மே மாத வெள்ளத்தில் தடம் அடித்துச் செல்லப்பட்டு, 2018 டிசம்பரில்தான் பயணிகள் ரயில் மீண்டும் போய்ச் சேர்ந்தது. வினிபெக்கிலிருந்து ரயில் சஸ்காச்சுவனுக்குள் புகுந்து வளைந்து போவதால் சுமார் 1,700 கிலோமீட்டர், இரண்டு இரவு. தாம்ப்சன் வரை சாலை உண்டு. அங்கிருந்து ரயிலில் ஓர் இரவுதான். வினிபெக்கிலிருந்து தாம்ப்சனுக்கு பஸ்ஸில் போய் ரயிலேறினால் ஒரு நாள் மிச்சம்.

ஆனால் இதை எல்லோருக்கும் நான் சொல்ல மாட்டேன். தாம்ப்சன் ரயில் நிலையம் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது, பக்கத்தில் கடை கண்ணி இல்லை, ரயிலோ தாமதமாகும். நேரம் இருக்கிறவர்கள் வினிபெக்கிலேயே ஏறி ஒரே இருக்கையில் போவது நிம்மதி. தாம்ப்சனுக்கு வடக்கே தடம் உறைமண்ணிலும் சதுப்பிலும் கிடப்பதால் வண்டி ஊர்ந்துதான் போகும். மரங்கள் குட்டையாகிக் குட்டையாகிக் கடைசியில் காணாமல் போவதைப் பார்க்க அந்த வேகம் தோதானது. பனிக்கரடி பார்க்க வருபவர்கள் கூடும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் சர்ச்சிலில் அறை வாடகை தலை சுற்ற வைக்கும். ஜூலை, ஆகஸ்டில் பெலுகா திமிங்கிலங்கள் வரும். அப்போது நெருக்கடி கொஞ்சம் குறைவு.

மான்ட்ரியல் – ரிமூஸ்கி. இதில் யோசிக்கவே வேண்டாம், பஸ். ஹாலிஃபாக்ஸ் போகும் 'ஓஷன்' ரயில் மான்ட்ரியலில் மாலை கிளம்பி நள்ளிரவுக்குப் பிறகுதான் ரிமூஸ்கிப் பக்கம் போகும். செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் அழகான கரை முழுவதும் இருட்டில் போய்விடும், இறங்குவதும் நடுநிசியில். ஓர்லியான் பஸ்ஸில் பகலிலேயே போகலாம். அதே ஓஷன், நியூ பிரன்ஸ்விக்கின் கேம்பல்டன், மிராமிச்சி, மாங்க்டன் போன்ற ஊர்களுக்கு அருமையான வண்டி; ராத்திரி தூங்கி எழுந்தால் விடியும்போதோ பகலிலோ இறங்கலாம். மாங்க்டனிலிருந்து பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்கு மேரிடைம் பஸ் உண்டு. தீவில் ரயில் 1989-ஓடு முடிந்தது. நியூஃபவுண்ட்லாந்தில் அதற்கு முந்தைய ஆண்டே முடிந்துவிட்டது.

| தடம் | ரயில் | பஸ் | என் தேர்வு |
|---|---|---|---|
| சட்பரி – ஒயிட் ரிவர் | வாரம் 3, பகல் பயணம், காடும் ஏரிகளும் | சுப்பீரியர் ஏரிக்கரை வழி | போக ரயில், திரும்ப பஸ் |
| பிரின்ஸ் ஜார்ஜ் – பிரின்ஸ் ரூப்பர்ட் | வாரம் 3, பகலில் மட்டும் | மலிவு, சில நாள் மட்டும் | நடுவில் இறங்குவதானால் இரண்டும் கலந்து |
| வினிபெக் – சர்ச்சில் | 2 இரவு, கடைசி வரை போகும் | தாம்ப்சன் வரைதான் | அவசரம் இல்லாவிட்டால் முழுக்க ரயில் |
| மான்ட்ரியல் – ரிமூஸ்கி | நடுநிசியில் சேரும் | பகல் பயணம் | பஸ் |
| டொராண்டோ – தண்டர் பே | இல்லை | உண்டு, நீண்ட பயணம் | பஸ், வழியில் ஓர் இரவு தங்கி |
| டொராண்டோ – மூசோனி | காக்ரேன் முதல் போலார் பேர் எக்ஸ்பிரஸ் | காக்ரேன் வரை | வேறு வழியில்லை, இரண்டும் |

வடக்கு ஒன்டாரியோவில் உள்ள மூசோனிக்கும் சாலை கிடையாது. அதில் ஒரு வசதி, காக்ரேன் வரும் பஸ்ஸும் அங்கிருந்து போகும் ரயிலும் ஒன்டாரியோ நார்த்லேண்ட் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பது. முதன்முறையாகத் தனியாகப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் தடம் இது. ஓரிரு இரவு காக்ரேனில் தங்கி, மூசோனிக்குப் பகலில் போய்த் திரும்பலாம்.

## தனியாகப் போகும் பெண்களுக்கு

ரயிலில் இரவு முழுக்கப் பணியாளர்கள் நடமாடுகிறார்கள்; பக்கத்து ஆள் சரியில்லை என்றால் சொன்னவுடன் இடம் மாற்றித் தருவார்கள். பஸ்ஸில் இருப்பவர் ஓட்டுநர் ஒருவர்தான், ஆகவே முன்வரிசை இருக்கை. ஆனால் உண்மையான சிக்கல் வண்டிக்குள் இல்லை, இறங்கிய பிறகுதான். பிரின்ஸ் ஜார்ஜுக்கும் பிரின்ஸ் ரூப்பர்ட்டுக்கும் இடையேயான 16-ஆம் எண் சாலையைக் 'கண்ணீர் நெடுஞ்சாலை' என்கிறார்கள். போக்குவரத்து வசதி இல்லாமல் வழிப்போக்கு வண்டிகளைக் கை காட்டி ஏறிய பழங்குடிப் பெண்கள் பலர் பல ஆண்டுகளாக அங்கே காணாமல் போயிருக்கிறார்கள், கொல்லப்பட்டிருக்கிறார்கள். அந்தச் சாலைக்குப் பொதுப் பஸ் வேண்டும் என்று அந்தச் சமூகங்கள் நெடுங்காலம் போராடின. பஸ் தவறிவிட்டது, அடுத்தது மூன்று நாள் கழித்து என்றாலும், முன்பின் தெரியாதவர் வண்டியில் ஏறுவதைவிட மூன்று இரவு மோட்டல் வாடகை கொடுப்பது மேல். அந்தப் பணத்தை அவசரச் செலவு என்று முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

## இரண்டும் வேண்டாம், காரே சரி என்னும் இடங்கள்

நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் தீவில் உள்ள கேபட் டிரெயில் என்ற சாலை, சஸ்காச்சுவனின் புல்வெளிக் கிராமங்கள் ஆகிய இரண்டையும் பஸ் ரயிலில் சுற்றிப் பார்க்க முயல்வது வீண். லைசன்ஸ் உள்ளவர்கள் அங்கே மட்டும் மூன்று நாள் கார் வாடகைக்கு எடுப்பது லாபம். 25 வயதுக்குக் கீழே என்றால் கூடுதல் கட்டணம். எடுத்த ஊரில் திருப்பிக் கொடுக்காவிட்டால் அதற்குத் தனியாக ஒரு தொகை, சில சமயம் வாடகையைவிட அதிகம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பாலான மலைச் சாலைகளில் அக்டோபர் 1 முதல் குளிர்கால டயர் கட்டாயம். லைசன்ஸ் இல்லாதவர்கள் இந்த இடங்களை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள்.

## டிக்கெட் எடுக்கும் வரிசை

குறைவாக ஓடும் வண்டியை முதலில் பதிவு செய்யுங்கள். வாரம் இரண்டு முறை ஓடும் சர்ச்சில் ரயில் உறுதியான பிறகே வினிபெக்குக்கு வரும் வழியை யோசிக்க வேண்டும். அடுத்தது, ரயில் சேரும் ஊர்களில் அந்த இரவுக்கான அறை. இரவு எந்நேரம் வந்தாலும் சாவி கிடைக்குமா என்று கேட்டு எடுங்கள். தினமும் ஓடும் பஸ்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நிறுத்தங்கள் சிலவற்றில் முன்பே சொல்லி வைத்தால்தான் ரயில் நிற்கும், ஆகவே பதிவு செய்யும்போதே இறங்குமிடத்தின் பெயரைச் சொல்லி உறுதி செய்யுங்கள். காட்டும் விலையில் வரி சேர்ந்திருக்காது. ஒன்டாரியோவில் 13 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். கால அட்டவணை அந்தந்த ஊர் நேரத்தில்தான் இருக்கும். சஸ்காச்சுவன் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அதனால் அங்கே மாறி ஏறுபவர்கள் ஒரு மணி நேர வித்தியாசத்தை இரண்டு முறை சரிபாருங்கள். கோடையில் மேற்கே போவதானால் கிளம்பும் வாரம் காட்டுத்தீ நிலவரத்தையும் பார்த்துவிடுங்கள். 2024 ஜூலையில் ஜாஸ்பர் ஊரில் மூன்றில் ஒரு பங்கு கட்டடங்கள் எரிந்தபோது அந்த வழி ரயில்களும் நின்றன. பணத்தைத் திருப்பித் தரும் வகை டிக்கெட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க நான் தயங்காதது இந்த ஒரு தடத்துக்குத்தான்.